சொதிச் சாப்பாட்டுக்கு ஓடியவர்களின் செடிகள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் சாரல் சத்தத்தில் பாதிக் கதை தண்ணீரோடு போய்விடும், போனதைத் திரும்பச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பிள்ளையைத் தூணை விட்டு இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள். சரி.

மேற்கு மலை அடிவாரத்தில் சுனைக்கரை என்று ஒரு ஊர். ஊருக்கு மேலே நரிப்பாறைச் சரிவு, சரிவின் இடுக்கில் ஒரு சுனை. அந்தச் சுனைத் தண்ணீர்தான் ஊருக்குக் குழாயில் வரும். அந்தச் சரிவில் முளைக்காத மூலிகை கிடையாது என்று ஊர்க்காரர்கள் வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். சொல்வார்களே தவிர, தலைவலி வந்தால் மாத்திரைக்குத்தான் ஓடுவார்கள்.

அந்த ஊரில் வடிவு என்று ஒருத்தி இருந்தாள். பூரணவடிவு முழுப் பெயர். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மடியில் பீடி முறத்தை, எங்கள் பேச்சில் சொளகை, வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, கழுத்து குனிந்தபடியே காலத்தைக் கழித்தவள். வீட்டுக்காரர் புனலூர்ப் பக்கம் மரமில்லில் இருந்தார், பொங்கலுக்குப் பொங்கல் வருவார். ஒருநாள் வடிவு சொளகை அப்படியே கவிழ்த்துப் பரணில் போட்டுவிட்டு எழுந்தாள். சரிவில் ஏறிச் செடி செடியாகத் தொட்டுப் பழகி, தெரிந்தவர்களிடம் கேட்டும் தெரியாததைத் தின்று பார்த்தும் ஒரு வித்தையைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு வனத்துறையில் நடையாய் நடந்து அனுமதி வாங்கி, பருவத்துக்குப் பருவம் பயிற்சி வகுப்பு நடத்த ஆரம்பித்தாள். சாரல் பருவத்தில் மூலிகை, கார்த்திகை மழை விட்டதும் நொச்சி மிலாரில், அதன் மெல்லிய குச்சியில், கூடை, தை மாசத்தில் ஆவாரம்பூச் சாயம், கோடையில் ஓலை. வருகிறவர்கள் கையால் பறித்து, கையால் இடித்து, கையால் முடைய வேண்டும். பேச்சு கொஞ்சம்தான். மத்தியானம் தேங்காய்ப் பாலில் வைத்த சொதிச் சாப்பாடு, கூட இஞ்சித் துவையல், சாயங்காலம் போட்டோ ஒட்டின சான்றிதழ். கழுத்து நிமிர்ந்து நடக்கிற பிழைப்பு அவளுக்கு அதுதான், அது போனால் பரணில் இருந்து சொளகு இறங்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வகுப்பில் ஒரு முறை உண்டு. எந்தச் செடியில் இலை பறிப்பதாக இருந்தாலும் முதலில் காப்புக் கட்ட வேண்டும். கற்றாழை நாரைத் தொடையில் வைத்துத் திரித்து, மஞ்சளில் முக்கி, ஆளுக்கொரு கயிறு அவரவரே செய்துகொள்வார்கள். அதைச் செடியின் தூரில் கட்டி, "இன்னாருக்கு இன்ன நோவு, நீ வரணும்" என்று கேட்க வேண்டும். கேட்டுப் பறித்தபின், கட்டின கையே முடிச்சை அவிழ்த்து, "வந்தது போதும், உன் எடத்துல நில்லு" என்று சொல்லி விட வேண்டும். கட்டுவது எல்லோருக்கும் பிடிக்கும், ஏனென்றால் அதைப் போட்டோ எடுக்கலாம். அவிழ்ப்பதற்கு மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது, அவள்தான் பின்னாலேயே போய்க் கத்திக் கத்தி அவிழ்க்க வைப்பாள்.

அந்த ஆடி மாசத்து வகுப்புக்கு நல்ல கூட்டம். உள்ளூரில் பரோட்டாக் கடை பீர்முகம்மது வந்திருந்தார், கடையில் கொசு தாங்கவில்லை என்று. வார்டு மெம்பர் குத்தாலிங்கம் வந்திருந்தார், எங்கே மேடை போட்டாலும் வருகிற ஆள் அவர். வடிவுக்குப் பின்வீட்டு ஆவுடை மதினி மூச்சு இழுத்துக்கொண்டே ஏறி வந்திருந்தாள். அறுபது வயசு வரைக்கும் பீடி சுற்றின நெஞ்சு, தூள் பூராவும் உள்ளேதான் இருந்தது. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு பிள்ளைகூட வந்திருந்தாள். வடிவு முதலில் தழுதாழைச் செடி ஒன்றில் தான் கட்டிக் காட்டினாள். "என் முட்டி வலிக்கு நீ வரணும்" என்றாள். அதைப் பார்த்துப் பீர்முகம்மது நொச்சியிலும், குத்தாலிங்கம் ஆவாரையிலும், ஆவுடை மதினி ஆடாதோடையிலும், சென்னைப் பிள்ளை ஈரத்தில் படர்ந்த வல்லாரையிலும், மற்றவர்கள் கைக்கு எட்டினதிலும் கட்டினார்கள். சரிவு முழுக்க மஞ்சள் மஞ்சளாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாரல் வலுத்தது. கீழேயிருந்து சமையல்காரர் கைகளை வாயில் குவித்து, "சொதி ஆறுது, பொறவு என்னைச் சொல்லாதிய" என்று ஒரு குரல் கொடுத்தார்.

அவ்வளவுதான். பறித்த இலையைத் துண்டில் அள்ளிக்கொண்டு மொத்தக் கூட்டமும் இறங்கி ஓடியது. "முடிச்சை அவுத்துட்டுப் போங்க, நில்லுன்னு சொல்லிட்டுப் போங்க" என்று வடிவு குடையை ஆட்டிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். "சாப்பிட்டுட்டு வந்து அவுப்போம்மா, செடி எங்க ஓடிறப் போகுது" என்றார் குத்தாலிங்கம். சாப்பிட்டபின் மழை விடவில்லை. பந்தலிலேயே கஷாயம் காய்ச்சினார்கள், சான்றிதழ் வாங்கினார்கள், போனார்கள்.

மறுநாள் விடியும்போது பீர்முகம்மது கடை திறக்க வந்தால், வாசலில் அவர் நொச்சி நின்றது. தூரில் மஞ்சள் கயிறு. ராத்திரி வந்ததா, கருக்கலில் வந்ததா, யாரும் பார்க்கவில்லை. ரோட்டில் ஈர மண் மட்டும் கோடு கோடாக இழுபட்டிருந்தது. அவர் சுற்றி வந்து பார்த்தார், வேர் சிமெண்டுத் தரையின் விரிசலில் வசதியாகக் கால் நீட்டி இருந்தது. "வா வான்னு கூப்பிட்டது நாமதான, வந்துட்டு" என்று சொல்லிவிட்டு, கல்லில் எண்ணெய் ஊற்றப் போனார். குத்தாலிங்கம் வீட்டு வாசலில் ஆவாரை, கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்றது. ஆவுடை மதினி படுத்திருந்த கட்டிலுக்கு நேரே ஜன்னலில் ஆடாதோடை. வகுப்புக்கு வந்திருந்த தென்காசிப் பாங்குக்காரருக்குப் போன துத்தி, பாங்கு திறக்கும்வரை வெளியே நின்று, திறந்ததும் உள்ளே போய்விட்டது என்று போன் வந்தது. வல்லாரை மெதுவாகப் போகிற செடி இல்லையா, அது மெயின் ரோட்டுக்கு ஓரமாகவே படர்ந்து போய்ச் சென்னைக்குச் சேர நாளாயிற்று. அந்தப் பிள்ளை குடியிருக்கிற அடுக்குமாடியில் வாட்ச்மேன் லிப்டில் விடமாட்டேன் என்று சொன்னதாகவும், அது படியேறியே போனதாகவும் கேள்வி.

செடி வந்ததை ஊர் இரண்டு நாள் பேசியது. மூன்றாம் நாளிலிருந்து அதை வைத்து என்ன செய்யலாம் என்று பேசியது.

பீர்முகம்மது கடையில் கொசு போயிற்று. சாப்பிட வந்தவர்கள் நொச்சிக் கிளையில் பையை மாட்டினார்கள், குடையை மாட்டினார்கள், ஹெல்மெட்டை மாட்டினார்கள். அவர் பெஞ்சை அதன் நிழலுக்கு மாற்றிப் போட்டார். "நொச்சிக் கடைக்கு வாரியா" என்று பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்கிற அளவுக்கு அதற்கே பெயராகிவிட்டது. துத்தி நின்ற பாங்கில் அதன் மேல் டோக்கன் சீட்டைக் குத்தி வைத்தார்கள். குப்பைமேனி வந்த வீட்டுக்காரி அண்டை வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போனாள், உன் ஆடு என் செடியைத் தின்கிறது என்று. அதுவரை குப்பைமேனிக்காக அந்த ஊரில் ஒருத்தரும் சண்டை போட்டதில்லை. சளி என்றால் வாசலில் பறித்தார்கள், சுளுக்கு என்றால் வாசலில் பறித்தார்கள். கட்டினவர்கள் பறிக்கப் பறிக்கத் துளிர்த்தது, ஏனென்றால் கூப்பிட்ட நோவுக்கு வந்த செடி போதும் என்று சொல்கிறவரை கொடுக்கத்தானே செய்யும். இனி மலைக்கு எதற்கு ஏற வேண்டும் என்று எல்லோருக்கும் முட்டி வலி குறைந்தது.

குத்தாலிங்கம் எல்லோரையும் தாண்டிவிட்டார். ஆவாரை பூத்த அன்றைக்கு அதற்கு ஒரு பச்சைப் பாவாடை சுற்றினார், மறுநாள் குங்குமம், அதற்கு மறுநாள் தகரக் கொட்டகை, வெள்ளிக்கிழமைக்குள் மைக்செட். ஆவாரம்மன் என்று பெயர். தூரில் இருந்த கயிற்றுக்குத் தாலி என்று பெயர்.

ஊருக்கெல்லாம் செழிப்பு, வடிவு மட்டும்தான் மலைக்கு ஏறினாள். நரிப்பாறைச் சரிவைப் போய்ப் பார்த்தாள். பல் பிடுங்கின வாய் மாதிரி குழி குழியாக இருந்தது. முதலில் கட்டின செடி போனதும் அதன் பக்கத்தில் இருந்தது சாய, அது சாய்ந்ததும் அதற்குப் பக்கத்தில் இருந்த மண் இறங்க, சாரல் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துச் சுனையில் கொண்டுபோய்க் கொட்டியது. குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. "துணி வச்சு வடிகட்டினாப் போச்சு" என்றார்கள் ஊரில்.

வனவர் ஆசீர்வாதம் நல்ல மனுஷன், வடிவு வகுப்பை இத்தனை வருஷம் மேலே எழுதிப் போட்டுக் காப்பாற்றினவர். அவரும் வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"வடிவக்கா, ஒரு செடிகூடத் தூரோட போகக் கூடாதுன்னுதான உங்களுக்கு அனுமதியே."

"நான் பிடுங்கல சார். அதுவா நடந்து போயிட்டு."

"நடந்து போச்சுன்னு நான் எழுதுனா என்னையும் நடந்து போகச் சொல்லிருவாங்க. ஆவணி பிறந்ததும் மேலதிகாரி பார்க்க வாராரு. அதுக்குள்ள செடி இடத்துக்கு வரணும். வரலைன்னா வேலி போட்டு அடைச்சிருவாங்க, பொறவு நீங்களும் ஏற முடியாது, நானும் பேச முடியாது."

அன்றைக்கே வடிவு அரிவாளோடு இறங்கினாள். நாலு வீட்டில் கயிற்றை அறுத்துப் பார்த்தாள். அரிவாள்தான் மழுங்கியது, நார் அறுபடவில்லை. கட்டின கை அவிழ்க்க வேண்டும், வேறு வழி கிடையாது. சரி என்று வீடு வீடாக ஏறினாள். அப்போது அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல.

பீர்முகம்மது, "யம்மா, நீ சொன்னா நான் தட்டுவனா, இந்த யாவாரம் மட்டும் முடியட்டும்" என்றார். யாவாரம் முடிந்து போனால், "இந்த வெள்ளி போட்டும்" என்றார். வெள்ளி போனது. குப்பைமேனிக்காரி, "அடுத்த வீட்டுக்காரி முதல்ல அவுக்கட்டும்" என்றாள். அடுத்த வீட்டுக்காரி செடியே கட்டவில்லை. பாங்குக்காரர், "மேனேஜர் லீவுல இருக்காரு மேடம்" என்றார். ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருந்தாலாவது நின்று சண்டை பிடித்திருப்பாள். எல்லோரும் ஆகட்டும் என்று சொல்லி, காப்பி கொடுத்து, கலங்கின தண்ணீர்க் காப்பியைத்தான் கொடுத்து, வழி அனுப்பினார்கள். விடியும்முன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, விளக்கு வைத்தபின் திரும்பி, நனைந்த துண்டைப் புறவாசலில் எறிந்துவிட்டுப் படுப்பாள். எழுந்தால் மறுபடியும் அதே வாசல், அதே ஆகட்டும்.

குத்தாலிங்கம் மட்டும்தான் நேராகப் பேசினார். "ஏம்மா, அம்மன் கழுத்துத் தாலியை அவுக்கச் சொல்லுதியே, உனக்கே நல்லா இருக்கா?"

"அது தாலி இல்ல அண்ணாச்சி. நீங்க சொதிக்கு ஓடுன அவசரத்துல அவுக்காம விட்ட கத்தாழை நாரு."

"அப்பிடித்தான் தொடங்கும். எல்லாச் சாமியும் அப்பிடித்தான் தொடங்கும்" என்றார் அவர், மைக்கை மூடிக்கொண்டு.

ஆவணிக்கு நாள் நெருங்கியது. ஒருநாள் வடிவு பரணில் ஏறிப் பீடிச் சொளகைத் தொட்டுப் பார்த்தாள். கை நிறையத் தூசி வந்தது. அந்தத் தூசியைத் தட்டிக்கொண்டே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கோபம் முற்றினால் சிலருக்கு அழுகை வரும், வடிவுக்குக் குயுக்தி வரும்.

மறுநாள் ஊரெங்கும் விளம்பரத் தட்டி கட்டினாள். சாரல் குடித்த நாரில் கைவேலைப் பயிற்சி. செடியில் கட்டி ஒரு பருவத்துச் சாரலில் நனைந்த கற்றாழை நார் பட்டு மாதிரி பதமாக இருக்கும், அதில் கைவளையும் கைப்பையும் பின்னக் கற்றுத் தரப்படும். கட்டினவர் தன் கையால் அவிழ்த்துக் கொண்டுவந்தால்தான் நார் இழை பிரியாது. மத்தியானம் சொதி. சாயங்காலம் பெரிய எழுத்துச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு.

அவ்வளவு நாள் அவள் கெஞ்சிக் கேட்டு நடக்காதது சட்டம் போட்ட சான்றிதழுக்கு நடந்தது. பீர்முகம்மது வியாபார நேரத்திலேயே குனிந்து அவிழ்த்தார். குப்பைமேனிக்காரி அடுத்த வீட்டுக்காரியைக் கேட்காமல் அவிழ்த்தாள். பாங்குக்காரர் மேனேஜரைக் கேட்காமல் அவிழ்த்தார். சென்னைப் பிள்ளை அவிழ்த்துக் கூரியரில் அனுப்பி, சான்றிதழைப் போனில் அனுப்பினால் போதும் என்றாள்.

குத்தாலிங்கத்துக்குத் தனியாக ஒரு கண்ணி வைக்க வேண்டியிருந்தது. வடிவு அவரிடம் போகவில்லை. கொட்டகையில் கும்பிட வந்த பெண்களிடம் போனாள். "ஆடிப் பெருக்கும் வந்துட்டு. நாமெல்லாம் பழைய தாலிக்கயித்தை மாத்தாம இருப்போமா? அம்மன் மட்டும் அழுக்குக் கயித்தோட நிக்கணும்னு அண்ணாச்சி நெனைக்காரு போல" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தாள். அன்று மத்தியானமே பெண்கள் குத்தாலிங்கத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். புதுக் கயிறு பயிற்சியில் வைத்துத் திரித்துத் தருவதாக ஏற்பாடு. அவர் மூன்று தரம் மைக்கில் பேசிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பழசை அவிழ்த்தார்.

மடங்காத ஆள் ஒருத்திதான், ஆவுடை மதினி. "எனக்குச் சான்றிதழும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். நல்லா மூச்சு விட்டு எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா உனக்கு? என் ஜன்னலை விட்டு அதை நகர்த்த மாட்டேன்" என்றாள். பீடிப் புகையிலையின் வாசம் வடிவுக்கும் தெரியும். அவளிடம் குயுக்தி பண்ண வாய் வரவில்லை, திரும்பிவிட்டாள்.

பயிற்சி நாள் வந்தது. பந்தல் நடுவில் அவிழ்த்த கயிறுகள் மஞ்சளாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, அவரவர் செடி இருந்த திசை பார்த்து, சென்னைப் பிள்ளையைப் போனிலும், "வந்தது போதும், உன் எடத்துல நில்லு" என்று சொல்லவும் வைத்தாகிவிட்டது. எல்லோரும் ரோட்டைப் பார்த்தார்கள். நொச்சி நின்ற இடத்திலேயே நின்றது. ஆவாரை நின்ற இடத்திலேயே நின்றது. கிளையில் மாட்டின ஹெல்மெட் காற்றில் ஆடியது.

"பாத்தியா, அதுகளுக்கே போகப் பிரியமில்ல" என்றார் பீர்முகம்மது.

"அம்மன் முடிவு பண்ணிட்டா" என்றார் குத்தாலிங்கம்.

"சொதி ஆறுது" என்றார் சமையல்காரர்.

வடிவு ஆவுடை மதினி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மிச்சம் ஒரே ஒரு முடிச்சுதான், அந்த ஒரு முடிச்சுக்காகத்தான் எல்லாம் காத்துக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பரிமாற எடுத்த கரண்டியைக் கீழே போட்டாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், பந்தலை விட்டு இறங்கி நேராக ஆவுடை மதினி ஜன்னலுக்குப் போனாள்.

"மதினி, உங்க ஒருத்தராலதான் ஊர்ச் செடி பூரா நவுறாம நிக்கி. நாளக் கழிச்சு ஆவணி. என் பொழைப்பு போகுது. பொறவு நான் சொளகைத் தூக்கணும். அது உங்களுக்குச் சம்மதமா?"

ஆவுடை மதினி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சு தெளிவாக வந்தது, பேச்சும் தெளிவாக வந்தது.

"ஊரையெல்லாம் அவுக்கச் சொல்லுத. உன் புறவாசல்ல நிக்கதை யாரு அவுக்க?"

"என் புறவாசல்ல என்ன நிக்கி? துணி போடுற கொடிக்கம்பு நிக்கி."

"கொடிக்கம்பு காத்துக்கு விழுந்து அடுப்புக்குப் போயாச்சு. ஆடி வகுப்பு முடிஞ்சதுலேருந்து நீ ஈரத்துண்டை எறியுதது எது மேலன்னு ஒருநாளாவது திரும்பிப் பாத்தியா? நான் இந்த ஜன்னல்லேருந்து தினமும் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கேன்."

வடிவு வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அழுக்குத் துண்டு இரண்டும் ஒரு பழைய பாவாடையும் தலையில் தொங்க, தழுதாழை நின்றது. துணியை விலக்கினால் தூரில் மஞ்சள் கயிறு. முட்டி வலிக்கு நீ வரணும் என்று எல்லோருக்கும் முன்னால் இவள் கட்டிக் காட்டினது. முதல் காப்பு. மற்றவர்களை அவிழ்க்கச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினவள் தன்னுடையதை அவிழ்க்காமல்தான் ஓடியிருந்தாள். முதலில் வந்தது நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் வந்தவை எப்படிக் கிளம்பும்?

அவள் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மதினியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிருந்தும் ஏன் மதினி சொல்லல?"

"சொன்னா நீ அவுப்ப. நீ அவுத்தா எல்லாம் போகும், பொறவு என்னதையும் அவுக்கச் சொல்லி ஊரே வந்து நிக்கும். எனக்கு மூச்சு வேணும்லா."

வடிவு எழுந்து, சுவரைத் தாண்டி, ஆடாதோடையின் முற்றின கொப்பு ஒன்றை ஒடித்து, மதினியின் ஜன்னலுக்கு நேரே ஈர மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குச் செருகி, மண்ணைக் காலால் மிதித்தாள்.

"இது என்ன?"

"ஆடாதோடை மதினி. கொப்பு ஒடிச்சு நட்டாலே பிடிக்கும். வேரோட வரணும்னு ஒரு தேவையும் இல்ல."

ஆவுடை மதினி கொப்பைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள். "நட்டா வளருற செடிக்கா இம்புட்டுப் பாடு? இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னேன். வகுப்புல சொன்னேன். நொச்சியும் அப்படித்தான்னு சொன்னேன்."

"சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

வடிவு யோசித்தாள். "பிந்தி."

"பிந்திச் சொன்னா எவன் காதுல ஏறும்? எல்லாரும் கண்ணு சொருகிக் கெடந்தோம். முந்திச் சொன்னா சொதி வாசத்துல காது அடைச்சிரும். உனக்கு நேரம் பாக்கத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே மதினி தன் ஆடாதோடையின் தூரில் குனிந்து முடிச்சைப் பிரித்தாள். "வந்தது போதும்த்தா. உன் எடத்துல போயி நில்லு. நல்லா இரு."

வடிவின் முடிச்சு லேசில் வரவில்லை. ஈரத்துண்டுத் தண்ணீர் அத்தனை நாளும் இறங்கி இறங்கி நார் கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்தது, பல்லால் கடித்து இழுத்தாள், கடைசியில் பிரிந்தது. சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொன்னாள்.

தழுதாழை தலையில் இருந்த பாவாடையை உதறிவிட்டு, சந்து வழியாக ரோட்டுக்கு ஏறியது. அதன் பின்னால் ஆடாதோடை. அவை பரோட்டாக் கடையைத் தாண்டும்போது நொச்சி பெஞ்சை மெதுவாக ஒதுக்கிக் கிளம்பியது, பையும் குடையும் பொத்துப் பொத்தென்று விழுந்தன, "ஹெல்மெட், என் ஹெல்மெட்" என்று ஒருத்தன் பின்னாலேயே போனான். குப்பைமேனிகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கும்பலாக, இரைச்சலாகப் போயின. மினிபஸ் நின்று வழி விட்டது, டிரைவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "இடது ஓரமாப் போகச் சொல்லுங்கப்பா" என்றார். ஆவாரை பச்சைப் பாவாடையோடு தகரக் கொட்டகையை விட்டு இறங்கியது. குத்தாலிங்கம் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு மேளத்துக்கு ஆள் விட்டு, அது புறப்பாடு என்று மைக்கில் அறிவித்துவிட்டு, சரிவின் அடிவாரம் வரை முன்னால் நடந்து போனார். பாங்குத் துத்தி சாயங்காலம் பஸ் ரோட்டு ஓரமாக வந்து சேர்ந்தது. வல்லாரை மட்டும், திரும்புகையில் கூப்பிட ஆளில்லாததால், ஆற அமரத் தை மாசம் வந்தது.

ஆவணியில் மேலதிகாரி வந்தார். செடிகள் ஏறின அவசரத்தில் இடம் மாறி நின்றன, நொச்சிக் குழியில் ஆவாரை, ஆவாரைக் குழியில் குப்பைமேனி. ஆசீர்வாதம் அவரைக் கொஞ்சம் வேகமாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். அனுமதி தப்பியது, சுனையும் தெளிந்தது.

வடிவுக்கு யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? கொசு திரும்பி வந்ததற்குப் பீர்முகம்மது அவளைத் திட்டினார். ஆவாரம்மனை ஊரை விட்டுத் துரத்தினவள் என்று கொட்டகைப் பெண்கள் அவளோடு ஒரு மாசம் பேசவில்லை. புதுத் தாலிக்கயிறு எங்கே என்று குத்தாலிங்கம் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொப்பு நட்டால் வளரும், வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்று தெருவில் நின்று சொன்னாள். ஆவுடை மதினி வீட்டில் மட்டும்தான் ஒரு கொப்பு தழைத்தது, மற்றவர்கள் ஆகட்டும் என்றார்கள்.

கார்த்திகை மழை விட்டது. கூடைப் பயிற்சிக்குத் தட்டி கட்டினாள். வராமல் இருப்பார்களா, எல்லோரும் வந்தார்கள். அதே பீர்முகம்மது, அதே குத்தாலிங்கம், அதே பாங்குக்காரர். மூச்சு இழுக்காமல் ஆவுடை மதினியும் ஏறி வந்தாள். கீழே அதே சமையல்காரர் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தார், சொதி வாசம் சரிவுக்கு ஏறத் தொடங்கியிருந்தது. கூட்டம் மிலார் வெட்ட வேண்டிய நொச்சியைப் பார்க்காமல் அடுப்பு இருந்த பக்கமே மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது.

வடிவு அன்றைக்குக் கயிற்றை நீளமாகத் திரிக்கச் சொன்னாள்.

"எதுக்கும்மா இவ்வளவு நீளம், ஆட்டைக் கட்டவா?" என்று கேட்டார் பீர்முகம்மது.

"ஒரு முனை செடிக்கு, ஒரு முனை உங்க வலது கைக்கு."

"சோத்துக் கையைக் கட்டிப் போட்டா எப்பிடிச் சாப்பிட?"

"செடியில உள்ளதை அவுத்தா, சாப்பிடக் கையில உள்ளதையும் அவுத்து விடுதேன்."

குத்தாலிங்கம் இடது கையால் சாப்பிட முடியுமா என்று அதை லேசாக மடக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். வடிவு அதற்குள் ஒரு நொச்சியின் தூரில் தன் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி முடித்திருந்தாள். மறுமுனையை எடுத்து ஆவுடை மதினியிடம் கொடுத்து, "நல்லா இறுக்கிக் கட்டுங்க மதினி" என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் தன் வலது கையை நீட்டினாள்.